பால் பைத்தானுக்குப் பெட்டி: நெல்லை வெயிலுக்கு எது சரிப்படும்?

பால் பைத்தான் (ball python, பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்கிற, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு) வளர்க்கப் பெட்டி வேண்டும் என்று என் பட்டறைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது ஹீட்டரைப் பற்றித்தான். எத்தனை வாட், எங்கே மாட்ட வேண்டும், ராத்திரியும் ஓட வேண்டுமா என்று. அவர்கள் படித்ததெல்லாம் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் எழுதியது. அங்கே பெட்டியின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது. நம் திருநெல்வேலியில் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிற நாட்கள் உண்டு. இங்கே பெட்டி சூட்டை அடைத்து வைக்கக் கூடாது, ஆனால் ஈரத்தை விட்டுவிடவும் கூடாது. மற்ற எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

நான் பேட்டைப் பக்கம் அலமாரி, சமையலறை கப்போர்டு செய்கிற தச்சன். என் மகள் ஒரு பால் பைத்தான் வளர்க்கிறாள். அதற்குச் செய்த பெட்டியைப் பார்த்துத்தான் அவளுடைய சிநேகிதர்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

இந்தப் பாம்பின் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் பகலெல்லாம் எலி வளைக்குள்ளோ பழைய கறையான் புற்றுக்குள்ளோ சுருண்டு கிடக்கும். இருட்டிய பிறகுதான் இரை தேடி வெளியே வரும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் வளைக்குள் சூடு அதிகம் ஏறி இறங்காது, காற்றில் ஈரமும் இருக்கும். ஆப்பிரிக்கப் பாம்பு, வெயில் தாங்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது வெயிலுக்கு ஒளிகிற பிராணி. பெட்டியின் ஒரு ஓரம் 31 முதல் 33 டிகிரி, மறு ஓரம் 25 முதல் 27 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பலகை எடுக்கப் போக வேண்டும்.

அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துக்குக் குறைவாக நான் செய்து தருவதில்லை. ஆண் பாம்பு பெரும்பாலும் 3, மூன்றரை அடியில் நின்றுவிடும். பெண் 4 அடியைத் தாண்டி 5 அடி வரைகூடப் போகும். பெரிய பெட்டியில் விட்டால் பயந்து இரை எடுக்காது என்று சிலர் சொல்கிறார்கள். வெறும் பெட்டியில் விட்டால் எந்த அளவிலும் பயப்படத்தான் செய்யும். ஒளிய இடமும் இலை மறைவும் நிறைய இருந்தால் குட்டியைக்கூட 4 அடிப் பெட்டியில் விடலாம். குட்டிக்கு மட்டும் முதல் வருஷம் மூடி இறுகப் பூட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு வைத்துக்கொள்வதும் நல்ல வழிதான். ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு பாம்பு. ஜோடி போட்டு வைத்தால் துணையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

“அண்ணாச்சி, வீட்ல பழைய மீன் தொட்டி கெடக்கு, அதுல விட்டா போதாதா?” என்று ஒரு தம்பி கேட்டான். அளவு சரியாக இருந்தால் போதும், ஆனால் இரண்டு வேலை செய்ய வேண்டும். மேலே முழுக்க வலை போட்டால் உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் ஒரே நாளில் போய்விடும். அதனால் முக்கால்வாசியைப் பலகையால் மூடிவிட வேண்டும். பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கவாட்டுக்கும் வெளியிலிருந்து கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும். நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அது நிம்மதியாக இருக்காது. அப்புறம், மேலிருந்து கையை விட்டு எடுப்பதுதான் தொட்டியின் பெரிய குறை. மேலிருந்து இறங்குகிற எதுவும் அதற்குப் பருந்து மாதிரிதான். முன்பக்கம் திறக்கிற பெட்டி என்றால் கை அதன் கண்ணுக்கு நேராக வரும்.

நான் சிபாரிசு செய்வது பி.வி.சி. ஃபோம் போர்டு. சமையலறை கப்போர்டுக்கு நாம் போடுகிற அதே பலகை. தண்ணீர் குடிக்காது, ஊதாது, கறையான் தொடாது, கழுவித் துடைக்கலாம். எடையும் குறைவு. 8க்கு 4 அடி ஷீட் ஒன்று எடுத்தால் 4க்கு 2 அடித் துண்டு நான்கு வரும். மூன்று துண்டு அடி, மேல், பின்பக்கத்துக்கு. நான்காவதைப் பாதியாக அறுத்தால் இரண்டு பக்கவாட்டும் ஆயிற்று. ஒரு ஷீட்டில் உடம்பு முடிந்துவிடும். முன்பக்கம் கீழே 4 அங்குல உயரத்துக்குப் பட்டை மட்டும் தனியாக வேண்டும், உள்ளே பரப்புகிற தேங்காய் நார்த்தூள் வெளியே சிந்தாமல் இருக்க. 18 மி.மீ. கனம் போடுங்கள். 4 அடி நீளத்தில் 12 மி.மீ. பலகை போகப் போக நடுவில் தொய்ந்துவிடும்.

பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை வாங்குங்கள். ஐ.எஸ். 303 சாதாரண பிளை இந்த ஈரத்துக்கு உதிர்ந்துவிடும். உள்பக்கம் தண்ணீரில் கரைகிற பாலியூரிதேன் பூச்சை மூன்று கை அடித்து, வாடை முழுக்கப் போகும்வரை திறந்து போட வேண்டும். கறையான் மருந்து அடித்த பலகை, தேவதாரு, பைன் பெட்டி மரம் இவற்றை எடுக்கவே வேண்டாம். மருந்தும் அந்த மரங்களின் எண்ணெய் வாசனையும் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. மூலைகளில் சிலிக்கான் பூசும்போது மீன் தொட்டிக்கு விற்கிற வகையைக் கேட்டு வாங்குங்கள். பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம்.

காற்றுக்கு ஒரு பக்கவாட்டில் கீழேயும், மறு பக்கவாட்டில் மேலேயும் துளை விடுங்கள். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், கீழிருந்து புதுக் காற்று வரும். அலமாரிக்குப் போடுகிற வட்ட ஏர் வென்ட் போதும். கொசுவலை வேண்டாம், ராத்திரி முழுக்க மூக்கை வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

கதவுக்கு 5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி இரண்டு, நகர்கிற தடத்தில். மருந்துக்கடை ஷோகேஸில் போடுகிற பல் பூட்டு மாட்டி, சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். பூட்டாத கண்ணாடியை இந்தப் பாம்பு மூக்கால் தள்ளியே திறந்துவிடும். இரண்டு கண்ணாடி ஒன்றன் மேல் ஒன்று வருகிற இடத்தில் ஒரு சந்து விழும். தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழையும், ஆகவே அதை ரப்பர் பட்டை ஒட்டி அடைத்துவிட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். தப்பி வெளியே போன பால் பைத்தானை நம் தெருவில் யாரும் வளர்ப்புப் பாம்பு என்று பார்க்க மாட்டார்கள். தடித்த உடம்பும் பழுப்புத் திட்டும் கண்ணில் பட்டதும் கண்ணாடிவிரியன் என்று கம்பை எடுப்பார்கள். விரியன் கடித்து உயிர் போகிற ஊரில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நீங்களும் உங்கள் பாம்பு காணாமல் போன நாளில் தோட்டத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு நம்முடையதுதான் என்று கையை நீட்டக் கூடாது.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் வைக்கிற இடம் தப்பினால் பிரயோஜனமில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை வேண்டாம், ராத்திரி பத்து மணிக்கும் கூரை கொதிக்கும். மேற்குச் சுவர் வேண்டாம். ஜன்னல் வெயில் கண்ணாடியில் விழுகிற இடம் வேண்டவே வேண்டாம், அரை மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. தரைத்தளத்தில் வீட்டின் நடு அறைதான் நல்லது. பெட்டிக்குள் எந்த மூலையிலும் 35 டிகிரிக்கு மேல் நிற்க விடக் கூடாது. சித்திரை, வைகாசியில் எங்கள் வீட்டில் ஹீட்டர் பிளக்கையே கழற்றிவிடுவோம். ஆனி, ஆடியில் பிரச்சினை வேறு. குற்றாலத்தில் சாரல் அடிக்கும், நமக்கு அந்தப் பக்கமிருந்து வறண்ட காற்று மட்டும்தான் வரும். பெட்டியில் ஈரம் மளமளவென்று இறங்கிவிடும். அந்த மாதங்களில் குளிர்ந்த ஓரத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். சட்டி கசிந்து காயக் காய அந்தப் பக்கமும் குளிரும், ஈரமும் ஏறும்.

ஹீட்டர் உண்மையில் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களிலும் மார்கழி, தை ராத்திரிகளிலும்தான். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் போதும். அதற்குக் கம்பிக்கூண்டு கட்டாயம், தொட்டால் பாம்பு வெந்துவிடும். பி.வி.சி. பலகையில் நேராக ஒட்டி மாட்டினால் பலகையும் வளையும். சூடு அளவைத் தாண்டினால் தானே நிறுத்திவிடுகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரும் ஓடக் கூடாது. நாட்டுக்கோழி முட்டை பொரிக்க இன்குபேட்டர் செய்கிறவர்கள் போடுகிற டிஜிட்டல் தெர்மோஸ்டாட்டே இதற்கும் சரிப்படும்.

உள்ளே 3, 4 அங்குலம் தேங்காய் நார்த்தூள். நர்சரியில் உப்பு போகக் கழுவியதாகக் கேட்டு வாங்குங்கள். அடி மட்டும் ஈரமாகவும் மேல்பக்கம் காய்ந்தும் இருக்க வேண்டும், வயிறு எந்நேரமும் நனைந்தால் செதில் அழுகும். ஒளிய இரண்டு இடம், சூடான ஓரத்தில் ஒன்று, குளிர்ந்த ஓரத்தில் ஒன்று. காருகுறிச்சி மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் தட்டி, கூர் போக அரம் போட்டால் கடையில் விற்கிற எதையும்விட நன்றாக இருக்கும். சுருண்ட உடம்பு சுவரைத் தொடுகிற அளவு போதும், பெரிது வேண்டாம். எறும்புக்குப் பாட்டி வழிதான்: ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். பாச்சா உருண்டையும் கொசு மருந்தும் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது.

பெட்டிக்கு முன்பணம் வாங்கும்போது பாம்பின் காகிதம் இருக்கிறதா என்றும் கேட்பேன். 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும் இந்த இனத்துக்குப் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். நம் வயலில் கிடைக்கிற மலைப்பாம்புக் குட்டிக்கு எந்தக் காகிதமும் கிடையாது. அது அந்தச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தருகிற முதல் அட்டவணையில் இருக்கிறது, வனத்துறையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பெட்டி கேட்டு வந்தால் செய்து தர மாட்டேன். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாம்பு பார்க்கிற டாக்டர் இருக்கிறாரா என்பதையும் பாம்பு வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

பெட்டி வீட்டுக்கு வந்ததும் பாம்பை விட்டுவிடாதீர்கள். ஒரு வாரம் நார்த்தூள், சட்டி, தண்ணீர் எல்லாம் போட்டுக் காலியாக வையுங்கள். கம்பி முனையில் சென்சார் உள்ள, ஈரப்பதமும் காட்டுகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி ஓரத்துக்கு ஒன்றாக மாட்டி, மத்தியானம் 3 மணிக்கும் விடிகாலை 4 மணிக்கும் எண்களை எழுதுங்கள். மத்தியானம் குளிர்ந்த ஓரமே 33-ஐத் தாண்டினால் பெட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். ஈரப்பதம் 55-க்குக் கீழே நின்றால் மேல் துளையில் பாதியை அடைத்துவிட்டு இன்னொரு வாரம் பாருங்கள். விடிகாலையில் கண்ணாடி முழுக்க வியர்த்து நின்றால் அடைத்ததைத் திறந்துவிடுங்கள்.