அடுத்தவர் சம்பளத்தைப் பார்க்கும் முன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 19 ஆண்டுகளாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். சனிக்கிழமை மாலை கவரைப் பிரிக்கும்போது மாறாத முகம், பக்கத்து மெஷின்காரரின் கவரை எட்டிப் பார்த்ததும் மாறும். முதல் வருடம் என் முகமும் மாறியது. எனக்குப் பின்னால் சேர்ந்த, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் என்னைப்போல் இரண்டு மடங்கு வாங்குவதை நானே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. ஒப்பிடாதே என்பார்கள். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அது முடியாது. அதனால் எப்படி ஒப்பிடுவது என்பதற்குச் சில வழக்கங்களை வைத்துக்கொண்டேன்.

பார்ப்பதற்கு முன் உங்களையே கேளுங்கள்: நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிடும் என்றாலும் பார்ப்பேனா? இதை நார்வேயிடம் கற்றேன். அங்கே வருமான வரிப் பதிவுகள் ஒளிவுமறைவு இல்லாதவை. 2001இல் பத்திரிகைகள் அவற்றை இணையத்தில் ஏற்ற, யாருடைய வருமானத்தையும் வீட்டிலிருந்தே தேடலாம் என்றானது. அதன்பின் வசதி உள்ளவர்களுக்கும் குறைந்தவர்களுக்கும் இடையே மகிழ்ச்சியில் இருந்த இடைவெளி 29 சதவீதம் விரிந்ததாக ரிக்கார்டோ பெரெஸ்-ட்ருக்லியா என்ற பொருளியலாளர் கணக்கிட்டார். 2014இல் விதி மாறியது. தன்னை யார் தேடினார்கள் என்பதைத் தேடப்பட்டவர் அறிந்துகொள்ளலாம். தேடுகிறவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். வேலை மாறப் போகிறீர்கள், கூலி உயர்வு கேட்கப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் பாருங்கள், நேரிலேயே கேளுங்கள். வேறு காரணம் எதுவும் தோன்றவில்லையென்றால் கவர் மூடியே இருக்கட்டும்.

பார்த்தாகிவிட்டது, வயிறும் எரிகிறது என்றால் காகிதமும் பேனாவும் எடுங்கள். மனக்கணக்கு வேண்டாம். அதில் நம் பக்கத்து வரவு ஏதாவது விட்டுப்போகும்.

போன தை மாதம் பெங்களூரில் என் வீட்டுக்காரரின் சகலை புது வீடு குடிபுகுந்தார். போய்த் திரும்பியதிலிருந்து ஒரு வாரம் இவர் சரியாகப் பேசவில்லை. கிண்டிக் கேட்டதில், 'அவனுக்கு 68,000, எனக்கு 26,000' என்றார். என்னுடைய 24,000 அந்தக் கணக்கில் வரவே இல்லை! அன்றிரவு உட்கார்ந்து எழுதினோம். கையில் வருவதை மட்டும் எழுத வேண்டும், பி.எஃப். பிடித்தத்துக்கு முந்தைய தொகையை எழுதிப் பெருமூச்சு விடக் கூடாது. அடுத்து நேரம். அவர் போக்குவரத்து நெரிசலையும் சேர்த்து நாளுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கிறார், மாதம் 22 நாள். இவர் எட்டரை மணி நேரம், 26 நாள். மணிக்கு அவருக்கு 247 ரூபாய், இவருக்கு 118. பிறகு கடன். அவருக்கு மாதத் தவணை 32,000. எங்களுக்கு மாமனார் கட்டிய ஓட்டு வீடு, தவணை இல்லை. இவ்வளவு எழுதியும், என் சம்பளத்தைச் சேர்க்காமல் ஆளுக்கு ஆள் பார்த்தால் அவர் கைதான் மேலே இருந்தது. தவணை முடிந்தால் வீடு அவருடையது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் மலையாகத் தெரிந்தது மேடாகத் தெரிந்தது. இவர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

அக்கா தங்கையின் கணவர் தன் கணவரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தால், பெண்கள் வேலைக்குப் போவது அதிகமாக இருந்ததாக 1998இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் இருவர் எழுதினார்கள். சகலைப் போட்டி நம் ஊர்ச் சொத்து என்றல்லவா நினைத்திருந்தேன்.

உறவுக்கார ஒப்பீட்டில் இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. ஒரே வேலை செய்கிற இருவருக்குள் வித்தியாசம் என்றால் கதை வேறு. அங்கே 'போதும் என்ற மனம்' பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தப் பேச்சில் லாபம் முதலாளிக்கு.

2008இல் கலிபோர்னியாவில் ஒரு பத்திரிகை அரசு ஊழியர்களின் சம்பளத்தை இணையத்தில் போட்டது. அப்படி ஒரு பக்கம் இருப்பதைப் பல்கலைக்கழக ஊழியர்கள் சிலருக்கு மட்டும் ஆய்வாளர்கள் தெரியப்படுத்தினார்கள். சக ஊழியர்களைவிடக் குறைவாக வாங்கியவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. கூடுதலாக வாங்கியவர்களுக்குத் திருப்தி கூடவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. 'எனக்கு அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்' என்று மகிழ்ந்து என் மேஜைக்கு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை.

ஆகவே எரிச்சலை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் ஆபீசுக்கே கொண்டு போங்கள். ஓவர்லாக் டெய்லர் ஒருவர், அருகில் இருப்பவருக்கு ஷிப்டுக்கு 30 ரூபாய் கூட என்று கண்டுபிடித்து (என் வாயிலிருந்து அல்ல) அழுதுகொண்டு வந்தார். சேர்ந்த தேதி, தைக்கும் ரகம், கடைசியாக எப்போது கூலி ஏறியது, மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். 'அவளுக்கு ஏன் அதிகம்' என்று ஆரம்பிக்க வேண்டாம், பேச்சு அவள்மேல் திரும்பி அவள் கூலிக்கு ஆபத்தாகும். 'என் கூலி இரண்டு வருடமாக ஏறவில்லை' என்று ஆரம்பியுங்கள் என்றேன். சனிக்கிழமை வேண்டாம், செவ்வாய்க்கிழமை மேனேஜர் தனியாக இருக்கும்போது போகச் சொன்னேன்.

12 ரூபாய் ஏறியது. மிச்சம் 18 ரூபாய்க்குத் தீபாவளி போனஸ் முடிந்ததும் மறுபடி போகப் போகிறாராம். சீட்டு பத்திரமாக இருக்கிறதாம்.