உங்கள் பூத்தின் ஓட்டுக் கணக்கை நீங்களே பார்ப்பது எப்படி

"எங்க ஏரியா அந்தக் கட்சியோட கோட்டை" என்று டீக்கடையில் அடித்துச் சொல்கிறவரிடம், போன தேர்தலில் உங்க பூத்தில் அந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. இத்தனைக்கும் அது ரகசியமே இல்லை. கட்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள், நாமும் பார்க்கலாம்.

முதலில் உங்கள் பாகம் எண் வேண்டும், அதாவது வாக்காளர் பட்டியலில் உங்கள் பூத்துக்கான பகுதியின் எண். பூத் சிலிப்பில் இருக்கும். அப்புறம் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் உங்கள் தொகுதியின் படிவம் 20ஐத் தேடி எடுங்கள். அதில் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் ஒரு வரி, அந்த வரியில் ஒவ்வொரு வேட்பாளரும் வாங்கிய ஓட்டு, நோட்டா, மொத்தம் எல்லாம் இருக்கும். பல நேரம் தாளை ஸ்கேன் செய்து போட்டிருப்பார்கள் என்பதால் பெயர் போட்டுத் தேட முடியாது, எண்ணைப் பார்த்து பொறுமையாக உருட்டிக்கொண்டே போக வேண்டும். தபால் ஓட்டு கடைசியில் தனி வரியாக வரும், பூத் வாரியாகப் பிரித்திருக்காது. அதனால் வீட்டிலிருந்தே ஓட்டுப்போட்ட முதியவர்கள் உங்கள் பூத் கணக்கில் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் உங்கள் பாகத்தின் மொத்த எண்ணிக்கையை எடுங்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு பாகத்தில் 1,000 பேர், விழுந்தது 540 ஓட்டு, முதலில் வந்த கட்சிக்கு 250 என்று வைத்துக்கொள்வோம். போட்டவர்களில் அது 46 சதவீதம், கோட்டை மாதிரிதான் தெரியும். மொத்தப் பேரில் பார்த்தால் 25 சதவீதம். வராதவர்கள் 460 பேர், அதாவது அந்தப் பூத்தில் ஜெயித்த கட்சியைவிடப் பெரிய கூட்டம் வீட்டில் இருந்திருக்கிறது. 2021ல் தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. வராதவர்களை விட்டுவிட்டு ஏரியாவின் சாய்வைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

ஆனால் வராதவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். இறந்தவர்கள், வீடு மாறிப்போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லாம் பட்டியலில் அப்படியே கிடப்பார்கள். 2025 கடைசியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (SIR) வரைவுப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டிருந்தன. மேலே சொன்ன 1,000 பேரில் 150 பேர் ஊரிலேயே இல்லை என்றால், 54 சதவீதமாகத் தெரிந்த வாக்குப்பதிவு 63 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதனால் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு உங்கள் தெரு வரைக்குமாவது கதவு கதவாகப் பாருங்கள். "அவங்க காலி பண்ணி ரொம்ப நாளாச்சு", "அந்தத் தாத்தா தவறிட்டாரே" என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களிடம்தான் ஏன் போகவில்லை என்று கேட்க வேண்டும். வேலைக்கு லீவு விடவில்லையா, ஓட்டு சொந்த ஊரில் இருக்கிறதா, பூத் தூரமா, இல்லை போட்டு என்ன ஆகப்போகிறது என்ற வெறுப்பா என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒப்பிடும்போது ஒரே வகைத் தேர்தலை ஒப்பிடுங்கள். 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்து அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. இரண்டிலும் அதிமுக ஜெயித்தது. ஆனால் அந்த இரண்டும் அடங்கிய தர்மபுரி மக்களவைத் தொகுதியை திமுக பிடித்தது. ஓட்டுப்போட வருகிறவர்களின் எண்ணிக்கையும் அப்படித்தான், தேர்தலுக்குத் தேர்தல் மாறும். சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் 43.59 சதவீதம் பேர்தான் ஓட்டுப்போட்டார்கள், கவுன்சிலர்தானே என்ற அலட்சியம் இதில் நிறையவே உண்டு, எனக்கு மிகவும் வருத்தம் தரும் எண் இது. ரோடும் குப்பையும் தெருவிளக்கும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. கிராமம் என்றால் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அதை வைத்துக் கட்சிச் சாய்வைக் கணக்குப் போட முடியாது.

இன்னொன்று, தேர்தலுக்குத் தேர்தல் பாகங்களைப் பிரிப்பார்கள், எண்ணும் மாறும். பட்டியலின் முதல் பக்கத்தில் எந்தெந்தத் தெரு என்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் பழைய பூத்தோடு பொருத்த வேண்டும்.

கணக்கு கைக்கு வந்ததும் "இந்தத் தெரு நமக்குப் போடல" என்று வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். சின்னப் பூத்தில், அதுவும் ஒரே சாதி மக்கள் சேர்ந்து வாழும் பகுதியில், அது தண்ணீர்க் குழாய் வருமா வராதா என்பது வரைக்கும் போய்விடலாம். பூத் கணக்கு ஒரு மொத்தக் கணக்கு, அதிலிருந்து தனி ஆள் யாருக்குப் போட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது.

வீடு மாறி வந்தவர்களுக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6. 17 வயது முடிந்த பிள்ளைகளும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று 18 வயது முடிந்துவிட்டதா என்று பார்க்க வருடத்துக்கு நான்கு தகுதி நாள் இருக்கிறது. உங்கள் பாகத்தின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் பக்கத்துப் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார், நீங்கள் குறித்து வைத்த பெயர்களோடு அவரைப் போய்ப் பாருங்கள்.