சாணியைக் கால்வாய்க்கு விடாமல் அடுப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை சந்துகளில் மாடு கட்டியிருக்கும் வீடுகளில் காலையில் ஹோஸ் பைப்பைத் திறந்து சாணியை வடிகாலுக்குள் தள்ளிவிடுவது வழக்கம். அது ஓட்டேரி நல்லா ஓடையிலும் பக்கிங்காம் கால்வாயிலும் தேங்கி, காற்றுப் படாமல் அழுகி மீத்தேனாகக் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன், கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும். அதையே காற்றுப் புகாத சாண எரிவாயுத் தொட்டியில் பிடித்தால் சோறு வேகும். மாடு ஏப்பமாக விடும் மீத்தேனை இந்தத் தொட்டி பிடிக்காது. அதுதான் பெரிய பங்கு. ஆனால் சாணி நம் கையில் இருக்கிறது.

முதலில், தண்ணீர் ஊற்றுவதற்கு முன் தகரத்தால் சாணியை வழித்து வாளியில் அள்ளுங்கள். ஒரு வாரம் எடை போடுங்கள். நாள் முழுக்கக் கட்டியிருக்கும் மாடு 10 முதல் 15 கிலோ போடும். தெருவில் மேய்ந்துவிட்டு வருவது வீட்டில் அவ்வளவு போடாது. எடை பார்க்காமல் பெரிய தொட்டி வாங்கி, பாதி வயிற்றோடு ஓட்டுவதுதான் பலர் செய்யும் தவறு.

25 கிலோ சாணி, 25 லிட்டர் தண்ணீர்: இதில் நாளுக்குச் சுமார் ஒரு கன மீட்டர் வாயு வரும். மாதம் முழுக்க ஓடினால் ஏறக்குறைய ஒரு சமையல் சிலிண்டர். சாணி உள்ளே 40 நாள் இருக்க வேண்டும் என்றால் 50 லிட்டர் வீதம் 2,000 லிட்டர் தொட்டி தேவை. வடசென்னையில் பல இடங்களில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் குழி தோண்டாதீர்கள். தரைக்கு மேல் வைக்கும் மிதவை மூடித் தொட்டியே சரி; வாயு சேரச் சேர அதன் மூடி மேலெழும். சாணி ஊற்றும் குழாய் அடிவரை இறங்க வேண்டும், வெளியேறும் குழாய் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் புதுச்சாணி செரிக்காமலே வெளியே வந்துவிடும்.

வைக்கோல் துணுக்குகளைப் பொறுக்கிவிட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். இல்லையென்றால் மேலே ஆடை கட்டி வாயுவை மறிக்கும். தொட்டியை நிரப்பி இரண்டு மூன்று வாரம் காத்திருங்கள். ஏற்கெனவே ஓடுகிற தொட்டியிலிருந்து சில வாளி சாணிக் குழம்பு வாங்கி ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும். முதலில் சேரும் வாயு எரியாது. கரியமில வாயுவே அதிகம். திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். கசிவு பார்க்கச் சோப்பு நுரை போதும், தீக்குச்சி கிழிக்கவே கூடாது.

நன்றாக ஓடிய தொட்டி திடீரென்று படுத்தால் ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் போனதா என்று பாருங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணியைச் சில நாள் தனியே மக்கவிடுங்கள். அந்த மருந்து தொட்டியின் நுண்ணுயிர்களையும் கொல்லும். சுடர் துடித்துத் துடித்து எரிந்தால் குழாயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, வடித்துவிடுங்கள்.

தினமும் 50 லிட்டர் குழம்பு வெளியே வரும். அதைத் திரும்ப வடிகாலில் விட்டால் பட்ட பாடு வீண். காய்ந்த இலையும் வைக்கோல் கூளமும் நிரப்பிய தொட்டியில் ஊற்றி, அடியில் வடியும் நீரை மறுநாள் சாணி கரைக்கப் பாதியளவு சேர்க்கலாம். மேலே தங்குவது மக்கினால் செடிகளுக்கு நல்ல உரம். மழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த இலைத் தொட்டிக்குத் தார்ப்பாய் கட்டி, ஓரடி உயர மேடையில் வையுங்கள்.