லினக்ஸில் ட்ரைவர் தானாக ஏறவில்லையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் பலரிடம் பற்றரி செத்த பழைய லப்டொப், அதில் உபுண்டு லினக்ஸ், பக்கத்தில் ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிள் இருக்கும். கரண்ட் போய் வந்தால் வைஃபை காணாமல் போய்விடும். சாதனத்தை இயக்கும் மென்பொருளான ட்ரைவரைக் கையால் ஏற்றும் மொட்புரோப் கட்டளை அடித்தால் வரும், அடுத்த பூட்டில் திரும்பவும் போகும். மொட்புரோப் அந்த நேரத்துக்கு மட்டுமே ஏற்றும். அதை நிரந்தர வழி என்று நம்புவதுதான் முதல் தவறு.

அந்தக் கட்டளையை, பூட்டின்போது கட்டளைகளை ஓட்டும் ஆர்சி.லோக்கல் கோப்பில் எழுதி வைப்பது அடுத்த தவறு. இன்றைய பல லினக்ஸ்களில் அந்தக் கோப்பே இருக்காது.

உண்மையில் வைஃபை, சவுண்ட் போன்றவற்றுக்கு நாம் எதுவும் எழுதத் தேவையில்லை. செருகியதும் சாதனம் தன் அடையாள எண்ணைச் சொல்லும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதற்குப் பொருந்தும் மொடியூலை, அதாவது ட்ரைவர் கோப்பை, தேடி ஏற்றிவிடும். அப்படி ஏறவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் வலிந்து ஏற்றாதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையை அடித்துப் பாருங்கள்: சாதனத்துக்குள் ஏறும் ஃபேர்ம்வெயார் கோப்பு இல்லை என்றோ, மொடியூலின் கையொப்பச் சாவி நிராகரிக்கப்பட்டது என்றோ அங்கேயே எழுதியிருக்கும்.

பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது வெளியிலிருந்து எடுத்துக் கம்பைல் செய்த ட்ரைவர்தான். அது அந்த ஒரு கேர்னலுக்கு மட்டுமே பொருந்தும். அப்டேற் வந்து கேர்னல் மாறினால் ட்ரைவர் இல்லை. ட்ரைவரைத் தானாகத் திரும்பக் கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வழியாக நிறுவினால் புதிய கேர்னலுக்கும் அதுவே கட்டித் தரும்; ஆனால் கம்பைல் செய்யத் தேவையான, அந்தக் கேர்னலின் ஹெடர்ஸ் பொதியும் இருக்க வேண்டும். நம்பகமான சாவியால் கையொப்பமிட்டதை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் இன்னொரு படி உண்டு. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த பூட்டில் நீலத் திரை வரும். அவசரத்தில் பலர் 'தொடர்ந்து பூட் செய்' என்பதை அழுத்திவிடுகிறார்கள். அங்கே, அந்த ட்ரைவரில் கையொப்பமிட்ட எம்ஓகே சாவியைப் பதியும் தெரிவை எடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் மொக்யூட்டில் கட்டளையால் அந்தச் சாவியைத் திரும்பக் கொடுத்து மறுபடி பூட் செய்யலாம்.

சரி, பெயர் எழுதித்தான் ஆக வேண்டியவையும் உண்டு. சிப்கள் பேசும் ஐ2சி வழியை நிரல்களுக்குத் திறக்கும் ஐ2சி-டெவ், மதர்போர்டு வெப்பநிலையைக் காட்டும் என்சிடி6775 போன்றவை தானாக ஏறாது. இவற்றுக்கு, அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசிக்குள் மொடியூல்ஸ்-லோட்.டி என்ற இடத்தில் ஒரு கோப்பு போதும். கோப்பின் பெயர் .கொன்ஃப் என்று முடிய வேண்டும், வரிக்கு ஒரு மொடியூல், பெயரின் பின்னால் .கேஓ சேர்க்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் மொட்புரோப்.டியில் எழுதிவிட்டு ஏறவில்லையே என்று தவிப்பவர்கள் ஏராளம். அது ஒப்ஷன்களுக்கும் ஏறக் கூடாதவற்றின் பட்டியலான பிளாக்லிஸ்ற்றுக்கும் உரிய இடம், எதையும் ஏற்றாது. அப்புறம், அங்கே செய்த மாற்றம் பூட்டின் தொடக்கத்திலேயே ஏறும் ட்ரைவருக்கு என்றால் பூட்டின் தொடக்கத்துக்கான சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் புதுப்பிக்க வேண்டும். உபுண்டுவில் அதற்கு அப்டேற்-இனிட்ராம்எஃப்எஸ், ஃபெடோராவில் ட்ரகட்.