போர்க்கப்பல் அதிகாரியின் டைரி கைக்கு வந்தால் செய்யக் கூடாதவை

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். அதே கையோடு ஒரு போர்ப் பதக்கத்தையும் தேய்த்துவிட்டு, "பாருங்க, புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்று ஒரு நண்பர் என்னிடம் நீட்டினார். இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் வழங்கிய 1939–45 நட்சத்திரம் அது. இத்தனை வருடமாக உலோகத்தில் ஊறியிருந்த பழுப்பு முழுவதும் போய்விட்டது. ரிப்பனில் புளித்தண்ணீர்க் கறை. அந்தப் பழுப்பு அழுக்கு அல்ல, பொருளின் வயது. ஒருமுறை போனால் திரும்பி வராது.

ஆனால் எனக்கு அதைவிட வலித்தது வேறு. பதக்கம் வந்த சின்ன அட்டைப்பெட்டி நசுங்கிப் போயிருந்ததால் அதைக் குப்பையில் போட்டுவிட்டாராம். முதல் உலகப் போரில் பிரிட்டன் கொடுத்த பதக்கங்களில் பெற்றவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் போரில் பிரிட்டிஷ் கடற்படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயரே கிடையாது. தபாலில் அவை வந்த பெட்டியின் மேல் எழுதிய பெயரும் முகவரியும்தான் அது யாருடையது என்று சொல்லும். பெட்டி போன பிறகு அந்தப் பதக்கம் பத்தோடு பதினொன்று.

கடற்படை அதிகாரி ஒருவரின் போர்க்கால டைரி, பதக்கங்கள், புகைப்படங்கள், கடிதக் கட்டு எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்கும்போது நடக்கும் பெரிய தவறு, பிரிப்பது. வியாபாரி பதக்கத்தை ஒருவருக்கும் புகைப்பட ஆல்பத்தை இன்னொருவருக்கும் விற்பார். தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு. டைரியிலும் 'முக்கியமான' பக்கங்களை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டு விற்பவர்கள் உண்டு.

1942 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பிரிட்டனின் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர் வகைப் போர்க்கப்பல்கள் அன்றே கடலில் மூழ்கின. 9ஆம் தேதி திருகோணமலைத் துறைமுகம். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் இறந்தவர்கள் 307 பேர். அந்தக் கடற்படையில் இருந்த ஒருவரின் டைரி என்றால் எல்லோரும் கேட்பது இந்த இரண்டு பக்கங்களைத்தான். ஆனால் அதற்கு முந்தைய பக்கங்களையும் படிக்க வேண்டும். ஏப்ரல் முதல் தேதி வாக்கில் தாக்குதல் வரும் என்று உளவுச் செய்தி கிடைத்து, அந்தக் கடற்படைக்குத் தலைமை வகித்த அட்மிரல் சாமர்வில் தன் கப்பல்களோடு மார்ச் 31 முதல் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் நிரப்ப மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பினார். எதிரி வந்தது அதற்குப் பிறகு. அந்த வீண் காத்திருப்பு, புழுக்கம், 'இனி வரமாட்டான்' என்ற நிம்மதி, இவற்றை அன்றைய கையெழுத்திலேயே படித்தால்தான் ஏப்ரல் 5 ஏன் அப்படி விழுந்தது என்று புரியும். வெட்டி எடுத்த பக்கத்தில் இது இருக்காது.

அடுத்த தவறு, கதையைக் கேட்டுப் பணம் கொடுப்பது. சென்னைக்காரர்களுக்கு எம்டன் தெரியும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மேல் குண்டு வீசி, தமிழுக்கு ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அந்த நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதை முடித்தது. சிதைவிலிருந்து எடுத்த மெக்சிகோ வெள்ளி டாலர்கள் ஆயிரத்துக்குக் கிரீடம் வைத்த வளையம் மாட்டி, இரண்டு கப்பல்களின் பெயரையும் தேதியையும் பொறித்து நினைவுப் பதக்கமாக்கினார்கள். வளையமும் எழுத்தும் இல்லாத வெறும் மெக்சிகோ டாலரை ஒருவர் காட்டி 'எம்டனில் இருந்தது' என்றால், அந்த நாணயத்தைப் பார்த்து மட்டும் அதை நிரூபிக்க வழியே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் தாள் வேண்டும்.

தாளும் பொய் சொல்லும். 1983இல் ஜெர்மனியின் ஷ்டெர்ன் பத்திரிகை ஹிட்லரின் டைரிகள் என்று கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியவை கொன்ராட் கூயாவ் என்பவர் எழுதிய போலிகள். கையெழுத்தை ஒப்பிட்ட நிபுணர்கள் பொருந்துகிறது என்றார்கள். ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலேயே கூயாவின் போலிகள் கலந்திருந்தன! கடைசியில் காட்டிக்கொடுத்தது காகிதம்: போருக்குப் பிறகு வந்த வெண்மையூட்டும் ரசாயனம் அதில் இருந்தது. நீங்களும் ஒரு புறஊதா டார்ச்சை அடித்துப் பார்க்கலாம். பழைய காகிதம் மங்கலாகத் தெரியும், நவீன காகிதம் நீலவெள்ளையாகப் பளிச்சிடும். 1942 டைரியில் பால்பாயிண்ட் பேனா எழுத்து இருந்தால் உஷாராகுங்கள்.

அதிகாரியின் பெயரை அந்த ஆண்டுகளின் நேவி லிஸ்டில், அதாவது பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளின் பெயர்ப் பட்டியலில், தேடுங்கள். பெரிய கப்பல் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் கப்பல் பதிவேடுகளோடு தேதிகளை ஒப்பிடலாம். அதேசமயம் ஒரு நாள் முன்பின் இருந்தாலே போலி என்று தூக்கி எறியவும் வேண்டாம். போர்க்காலத்தில் கப்பலில் சொந்த டைரி எழுதத் தடை இருந்தது. எதிரி கையில் சிக்கினால் ஆபத்து. மறைத்து எழுதினார்கள், சில நாள் கழித்து நினைவிலிருந்து எழுதினார்கள், இடப்பெயர்களை விட்டுவிட்டார்கள். பயிற்சி நிலையில் இருந்த மிட்ஷிப்மேன்கள் மட்டும் கட்டாயம் ஒரு குறிப்பேடு எழுத வேண்டும். மேலதிகாரி படித்துக் கையெழுத்திடுவார். வரைபடங்களோடு அழகாக இருக்கும், ஆனால் மனசு திறந்திருக்காது. சொந்த டைரியையும் இந்தக் குறிப்பேட்டையும் குழப்பிக்கொண்டு வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கமாக: லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை படியும். அந்துருண்டையும் வேண்டாம். அமிலமில்லாத அட்டைப்பெட்டி, ஈரமில்லாத அலமாரி, அவ்வப்போது ராமபாணப் பூச்சிக்கு ஒரு பார்வை போதும்.

சட்டத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியோ ஆவணமோ 75 ஆண்டு கடந்துவிட்டால் தொல்பொருள். மற்றப் பொருட்களுக்கு 100 ஆண்டு. தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. 1942 டைரி இங்கே இருந்தால், வெளிநாட்டு ஏலத்துக்குக் கூரியர் போடும் முன் இந்தியத் தொல்லியல் துறையைக் கேளுங்கள். டைரியை விலைக்கு வாங்கினாலும் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. முழுவதையும் வெளியிட நினைத்தால் எழுதியவரின் குடும்பத்தைத் தேடிச் சம்மதம் கேட்க வேண்டும். பேரப்பிள்ளைகள் கிடைத்தால், டைரியில் வெறும் முதலெழுத்தாக நிற்கும் ஆட்கள் யார் என்பதும் தெரியவரலாம்.

வாங்கிய அன்றே ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதுங்கள்: யாரிடம், எந்த ஊரில், எந்தத் தேதியில் வாங்கினீர்கள், பெட்டியில் வேறு என்னென்ன இருந்தது, விற்றவர் என்ன சொன்னார். டைரியின் மேல் எதையும் எழுத வேண்டாம். அந்தத் தாளையும் நசுங்கிய அட்டைப்பெட்டியையும் டைரியோடு சேர்த்தே வையுங்கள்.