கரை உடையுமுன் நாம் விடும் தவறுகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மதுரைப் பக்கம் கண்மாய்க்கரை தாங்குமா என்ற பேச்சும் கிளம்பிவிடும். "அதான் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துருச்சே, அரசாங்கம் பார்த்துக்கும்" என்று இருந்துவிடுவதுதான் முதல் தவறு.

2021 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை நீளம், கொள்ளளவு போன்ற நிபந்தனைகளைப் பொறுத்தே சேரும். 111 அடி உயர வைகை அணை அதற்குள் வரும். நம்மூர்க் கண்மாய்களில் பெரும்பாலானவை வராது. கண்மாய்க்கரை அரிக்கிறது என்று டெல்லியில் இருக்கும் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இதைத் தெரிந்துகொண்டு கதவைத் தட்டுங்கள்.

கண்மாய் நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மணல் மூட்டை அடுக்குவது இதைவிட ஆபத்தானது. இன்னும் ஓரடி தண்ணீர் நின்றால் கடைமடை வரை பாயும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் மறுகால் போகவேண்டிய தண்ணீர் போக வழியில்லாமல் கரைமேல் ஏறினால், மண்கரை அதைத் தாங்காது. வெளிச்சரிவிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டே வந்து சில மணி நேரத்தில் உடைத்துவிடும். இரவோடு இரவாக மூட்டை போடுகிறவர்களை ஊர்தான் தடுக்க வேண்டும்.

கரையின் வெளிப்புற அடியில் கசிவு தெரிந்தால் தண்ணீரைக் கையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக, ஒரே அளவில் வந்தால் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வைகை அணை எச்சரிக்கையையும் பலர் தப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அணையின் நீர்மட்டம் 66 அடியானால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணைக்கு ஆபத்து என்று இதற்குப் பொருளில்லை, உபரிநீர் ஆற்றில் வரப்போகிறது என்றே பொருள். பீதி வேண்டாம், அதற்காக மதுரை யானைக்கல் தரைப்பாலத்தில் வேடிக்கை பார்க்க நிற்பதும் வேண்டாம்.

பெரிய அணைகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்த வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், சட்டம் வந்ததிலிருந்து 5 ஆண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உத்தரவை மதிக்காவிட்டால் ஓராண்டு வரை சிறை; அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரை. ஆனால் நாமே நேராகக் கோர்ட்டுக்குப் போய் இந்த வழக்கைப் போட முடியாது. அரசோ அது அதிகாரம் அளித்தவரோ புகார் கொடுத்தால்தான் விசாரணைக்கு எடுப்பார்கள். ஆய்வு நடந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதுதான் நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். பராமரிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் பார்த்தோம்: சங்கிலி அறுந்து ஷட்டர் ஒன்று பெயர்ந்து, அணைத் தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் வெளியேறியது. அந்த அணை கேரள மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது தமிழ்நாடு.

கடைசியாக, வாய்ப்புகார். மடையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கரிடம் சொல்லியாச்சு, போனில் பேசியாச்சு என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் ஏறாது. கண்மாய் பெயர், சர்வே எண், எந்த மடைக்குப் பக்கத்தில் கசிவு, தேதியோடு போட்டோ, எல்லாம் சேர்த்து திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுங்கள். புரட்டாசிக்குள் கொடுத்துவிட்டால் மழைக்கு முன் கரையைப் பலப்படுத்த நேரம் இருக்கும். மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.