பால்டிக் கரையில் அம்பர் பொறுக்கப் போகிறவர்களுக்கு

இலையுதிர்காலப் பள்ளி விடுமுறையில் நாங்கள் அம்பர், அதாவது கல்லாகிப்போன பழங்கால மரப்பிசின், பொறுக்க ஜெர்மனியின் உசெடோம் தீவுக்குப் போவது வழக்கம். புறப்படுவதற்கு முந்தைய இரவு மகளின் மேலங்கிப் பைகளை ஊசிநூலால் தைத்து மூடிவிடுவேன். அவள் கோபித்துக்கொள்வாள். இந்த ஒன்றில் மட்டும் நான் இறங்கிவருவதில்லை.

தீவின் வடமுனையில் இருப்பது பீனமுண்டே, ஹிட்லரின் ராக்கெட்டுகள் உருவான இடம். 1943 ஆகஸ்டில் பிரித்தானிய விமானங்கள் அதைத் தாக்கியபோது தீக்குண்டுகள் பல கடலில் விழுந்தன. அவற்றிலிருந்த வெண் பாஸ்பரஸ் இன்றும் கட்டிகளாகக் கரையொதுங்குகிறது. அம்பருக்குள்ள அதே தேன்நிறம், அதே மெழுகுப் பளபளப்பு. ஈரமாகக் கிடக்கும்போது அம்பரா பாஸ்பரஸா என்று கண்ணால் சொல்ல முடியாது. நனைந்திருக்கும்வரை பாஸ்பரஸ் அடங்கிக் கிடக்கும். பைக்குள் உலர்ந்து உடற்சூடு ஏறினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸில் எரியும்.

ஆகவே மூடியுள்ள பிஸ்கட் பேணி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். தகரமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. அடியில் கொஞ்சம் கடல்நீர் விட்டு, கண்டெடுப்பதைச் சிறு கரண்டியால் அள்ளி அதில் போடுங்கள். அம்பர்தானா என்று பார்க்கக் கம்பளியில் தேய்ப்பதும் சூடான ஊசியால் குத்துவதும் இங்கே வேண்டவே வேண்டாம். ஒரு லீற்றர் நீரில் கால் கிலோ உப்பைக் கரைத்து, வீட்டுக்கு வெளியே வைத்துச் சோதியுங்கள். அம்பர் மிதக்கும், பாஸ்பரஸ் மூழ்கும். மூழ்கியது வெறும் கல்லாகவும் இருக்கலாம். ஐயமிருந்தால் நீரிலிருந்து எடுக்காமல் காவல்துறையை அழையுங்கள். மிதந்ததையும் திறந்தவெளியில், தகரத்தின்மேல், உங்கள் கண்முன்னே உலரவிடுங்கள்.

உடையில் தீப்பிடித்தால் உடனே கழற்றி எறியுங்கள். புண்ணை நீரில் நனைத்து, ஈரத்துணியால் மூடி, அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். நீர் பட்டு அணைந்ததும் நம்பிவிடாதீர்கள். துணி காய்ந்தால் மீண்டும் எரியும்.

படகில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இன்னொன்று. டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவின் கிழக்கே 1947இல் சுமார் 32,000 டன் இரசாயன ஆயுதங்களைக் கடலில் கொட்டினார்கள். உறைகள் துருப்பிடித்துத் திறந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் இருந்தது கடுகு வாயு, தோலைக் கொப்புளிக்க வைக்கும் நஞ்சு. பெயரில்தான் அது வாயு. குளிர்ந்த கடலடியில் அது களிமண் உருண்டைபோல இறுகிக் கிடந்து இழுவலையில் ஏறிவரும். அது நீரில் மெல்லச் சிதையும். ஆனால் கூடவே கொட்டிய நஞ்சுகள் சிலவற்றிலுள்ள ஆர்செனிக் என்ற நச்சுத் தனிமம் எத்தனை ஆண்டானாலும் அழியாது. சேற்றில் ஆர்செனிக்காகவே தங்கும். மீன் மேய்வதும் அந்தச் சேற்றில்தான் என்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது.

வலையில் பூண்டு நாற்றமடிக்கும் மஞ்சள் கட்டி வந்தால் தொடாதீர்கள். காற்று வரும் திசைக்கு நகர்ந்து நின்று படகோட்டியிடம் சொல்லுங்கள். கை பட்டுவிட்டால் அந்த நொடியே உடையைக் களைந்து சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். வலியில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கொப்புளம் பல மணி நேரம் கழித்துத்தான் எழும்.